மந்திரிக்குச் சோறு போடாத கடத்தல்காரர்கள்

அந்த நாவலை அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, நின்றுகொண்டே படிக்கத் தொடங்கினேன். பொன்னேரியில் ஒரு வாடகை நூலகத்தில் எடுத்தது. மலைப்பாதையில் ஒரு மந்திரியைக் கடத்திப்போய்ப் பழைய தோட்ட பங்களாவில் அடைத்துவைக்கிறார்கள். சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விட்டால்தான் மந்திரியை விடுவோம் என்கிறார்கள். முதல் அத்தியாயம் முடிவதற்குள் நான் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. வேலைக்குத் தாமதம். காரணம் கேட்ட மேற்பார்வையாளரிடம் வாய் தவறி, "மந்திரியக் கடத்திட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போய்க் கைப்பேசியில் செய்தி தேடினார். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் நான் என்ன படித்தாலும் அது வீட்டுக்கே பொது. ஞாயிற்றுக்கிழமை நைனா வலையின் கிழிசலைத் தைப்பார், அம்மா மீன் ஆய்வாள், நான் சத்தம் போட்டுப் படிப்பேன். இந்த நாவலைப் பற்றி இணையத்தில் வாசகர்கள் நிறைய எழுதியிருந்தார்கள். விறுவிறுப்பு, அதிகாரத்தின் முகமூடி, கீழே வைக்க முடியவில்லை என்றெல்லாம். நானும் அப்படி ஒன்று எழுத வேண்டும் என்று நல்ல நல்ல சொற்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். நைனாவின் கருத்து வேறு மாதிரி இருந்தது.

"கடத்திக்கினு போனானுங்களே, இன்னா சோறு போட்டானுங்க?"

"ரொட்டியும் தண்ணியும் நைனா."

"கொழம்பு?"

"இல்ல."

"த்தூ. இவனுங்கல்லாம் ஒரு ஆளுங்க!"

அம்மாவுக்கு இன்னொரு குறை. "அந்த மந்திரி ஊர்லருந்து பெரியவங்க யாரும் வெத்தல பாக்கோட போவலியா? எதுக்குடா போலீசு?"

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு. பாடு என்போம். சீட்டுப் போட்டு ஊர்களுக்குள் பிரித்துக்கொள்வோம்; ஊருக்குள் அது வீட்டுக்கு வீடு மாறி மாறி வரும். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை கட்டினால் படகைப் பிடித்துவைப்பார்கள். படகோடு ஆளையும் உட்காரவைப்பார்கள். அவன் ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு போய்ப் பேசி மீட்டு வர வேண்டும். பிடித்துவைத்த ஆளுக்கு வயிறு நிறையச் சோறு போட வேண்டியது பிடித்தவர்கள் பொறுப்பு. பசியோடு அனுப்பினால் அந்த ஊருக்கே கேவலம். கடத்தல் என்றால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது இதுதான். நாவலாசிரியருக்கு இது தெரியாதது அவர் தவறா, எங்கள் தவறா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசி இரண்டு அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குப் போன நைனா திரும்பவில்லை. எதிர்க்கரைக்காரர்கள் அவரைப் படகோடு பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எல்லைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் வலை கட்டிவிட்டாராம்.

பிடித்தது பெரிய விஷயமில்லை. மறுநாள் விடியற்காலை எங்கள் வீட்டுப் பாடு. அதுவும் இறால் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். படகு அதற்குள் வராவிட்டால் பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் மறுபடி எங்களிடம் வரும். அம்மா அடுப்பையே பற்றவைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வெற்றிலைத் தட்டோடு கிளம்பினார்கள். அப்போது என் கைப்பேசி அடித்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல்.

"தம்பி, நீதான படிச்ச புள்ள? அந்த மந்திரி பொஸ்தகம் உங்கிட்டதான கீது? அத்த எடுத்துக்கினு வா. மறந்துட்டு வந்தே, படகு கெடைக்காது."

புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பெரியவர்களோடு படகில் ஏறினேன்.

எதிர்க்கரை ஏலக் கொட்டகையில் நைனா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் இலை, இலையில் மடவை மீன் முள் ஒரு குவியல். அவரைச் சுற்றிப் பாதி ஊர். அவர் முகத்தில் கைதியின் களை கொஞ்சமும் இல்லை.

நடந்தது இதுதான். காலையில் உட்காரவைத்தவர்கள், சும்மா இருப்பானேன் என்று பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். நைனா நாவலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. கூட்டம் விடவில்லை.

எங்கள் பெரியவர்களில் ஒருவர் தட்டை நீட்டினார். அந்த ஊர்த் தலைவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"பஞ்சாயத்து இருக்கட்டும் மாமா. மொதல்ல கத முடியணும். தம்பி, மந்திரி தீவுலருந்து தப்பிச்சானா, இல்லியா?"

"எந்தத் தீவு?" என்றேன். "தோட்ட பங்களாங்க. மலை மேல."

தலைவர் முன்னால் குனிந்தார்.

"உங்க நைனா தீவுன்னாரே? ஏரி நடுவுல?"

நைனாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"மூணு வேளையும் மந்திரிக்கு மடவக் கொழம்பு ஊத்தினாங்கன்னாரே?" என்றாள் நண்டுக் கூடையோடு நின்ற ஓர் அக்கா.

"ரொட்டியும் தண்ணியும்தான்க்கா. இதோ, அச்சுல கீது."

"அப்ப அச்சுல தப்பா போட்டுட்டான். உங்க நைனா சொன்னதுதான் கத. ரொட்டி துன்ன மந்திரி எப்டிடா பக்கம் பக்கமா பேசுவான்?"

கொட்டகை முழுக்க ஆமாம் போட்டது. இணையத்தில் அத்தனை வாசகர் கருத்து படித்தவன் நான். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பெரியவர் என் காதருகே வந்து, "ஜல்தி படிடா, வலைய எடுத்து சரி பண்ணணும்" என்றார். பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் படிக்கப் பார்த்தேன். "டபாய்க்காத, முழுசா படி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முழுசாகப் படித்தேன். துப்பாக்கிச் சூடு வந்தபோது நண்டுக் கூடை தரையில் இறங்கியது. ஒரு நண்டு தப்பித்து ஓடியது, யாரும் பிடிக்கவில்லை. போலீஸ் அதிகாரி பங்களாவின் கதவை உடைத்தபோது எங்கள் பெரியவரே "உஷாரு, பின்பக்கம் பாரு!" என்று கத்தினார்.

கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளியே வருகிறது. கடத்தச் சொன்னதே மந்திரிதான். இடைத்தேர்தலில் அனுதாப ஓட்டு வாங்க அவரே போட்ட ஏற்பாடு.

அப்போது எழுந்த கூச்சலில் ஏலக் கொட்டகைக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

"அட கலீஜு! தன் படக தானே புடிச்சு வெச்சிக்கினு அடுத்த ஊரு மேல பழி போடற மாரி கீதே!"

"அவன இங்க இட்டுக்கினு வரணும். ரொட்டியும் தண்ணியும்தான் போடணும்."

"அதுக்குத்தான் எழுதனவன் ரொட்டி போட்டிருக்கான்" என்றாள் நண்டு அக்கா. "அவன் மேல தப்பு இல்ல, பாவம்."

தலைவர் கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். அப்புறம் நைனா பக்கம் திரும்பினார்.

"இப்ப நீ சொல்லு. கம்பத்துக்கு இந்தாண்ட வந்தியா, இல்லியா?"

பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நீரோட்டம் தள்ளிவிட்டது. காலையிலிருந்து நைனாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். தலைவர் அதை நம்பவில்லை. நம்பாதவரை பேச்சு இழுக்கும். இழுத்தால் பாடு போய்விடும்.

நைனா என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"வந்தேன்பா. இந்தாண்ட எறாலு குதிச்சுக்கினு இருந்துச்சி. நா இன்னா பண்றது, கண்ண மூடிக்கினா போவ முடியும்?"

தலைவர்தான் முதலில் சிரித்தார். அது கொட்டகை முழுக்கப் பரவியது.

"மந்திரிய விட நீ பரவால்ல போ. படக அவுத்து வுடுங்கடா. இவன் இங்கயே இருந்தா நமக்குத்தான் பேஜாரு, நாளைக்கும் மடவ வாங்கணும்."

வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார். அபராதம் என்னவென்று எங்கள் பெரியவர் கேட்டார். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சந்தைக்குப் போன பொம்பளைங்க இன்னும் கத கேக்கல. வர்ற ஞாயித்துக்கெழம தம்பி வந்து மொதல்லருந்து படிக்கட்டும். அது வரிக்கும் இது இங்க இருக்கும்."

"அது நூலகத்துப் புத்தகங்க."

"இருக்கட்டும். பத்திரமா பாத்துக்கறோம்."

மறுநாள் விடியும்போது எங்கள் பாட்டில் எங்கள் படகு நின்றது. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நானும் வந்திருந்தேன். நைனா இடுப்பளவுத் தண்ணீரில் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கண்ணி கண்ணியாக இறால் துள்ளியது. அள்ள அள்ள எனக்குக் கை கூசியது, சிரிப்பும் வந்தது. அள்ளி முடித்துப் படகில் ஏறி மூச்சு வாங்கியபோது பொன்னேரியிலிருந்து நூலகக்காரர் கூப்பிட்டார். கெடு முடிந்துவிட்டதாம், அந்த நாவலுக்கு நான்கு பேர் காத்திருக்கிறார்களாம்.

"சார், புத்தகத்தப் புடிச்சு வெச்சிருக்காங்க" என்றேன்.

"யாரு?"

"எதிர்க்கரைல சார்."

நூலகக்காரர் குரல் தாழ்ந்தது. "தம்பி, என்ன சொல்றீங்க? போலீஸுக்குப் போகணுமா?"

தண்ணீரிலிருந்து நைனா கத்தினார். "போலீசு எதுக்குடா? அவர வெத்தல பாக்கு வாங்கிக்கினு வரச் சொல்லு. மதியம் வந்தா சோறும் துன்னுட்டுப் போலாம்!"