வீட்டில் ஆள் இல்லை

சியெனிட்சா என்ற மலையூரில் எங்கள் பார்சல் கிடங்கில் ஐந்து டிரைவர்கள். பெஷ்டர் மேட்டுநிலத்துக் கிராமங்கள் மட்டும் பதினோரு வருஷமாக நெஜாத்தின் பொறுப்பு. மற்றவர்கள் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போக அஞ்சுவார்கள். குளிரில் டீசல் கூழாகிப்போய் நடுவழியில் நின்ற இரண்டு வேன்களை அவன்தான் கட்டி இழுத்து வந்திருக்கிறான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "உங்களுக்கெல்லாம் பனியில வழுக்காம சக்கரத்துல சங்கிலி மாட்டவே அரை நாள் ஆகும்டா" என்று காலையில் எங்களைச் சீண்டாமல் வண்டியை எடுக்க மாட்டான்.

போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை பனிக்குவியலில் மாட்டி மூன்று மணி நேரம் வண்டிக்குள் இருந்தான். என்ஜின் அணைந்துவிட்டது. வெளியே மைனஸ் இருபத்தேழு. இடது கை விரல்களில் உணர்ச்சி போய், தன் கையைத் தானே கடித்துப் பார்த்தானாம். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அதே வாரம் புதன்கிழமை ராஸ்டோல் கிராமத்துக்கு ஒரே ஒரு பார்சல். சாபித் என்பவருக்கு, சின்ன அட்டைப்பெட்டி. மெயின் ரோட்டிலிருந்து திரும்பி நாலு கிலோமீட்டர் போக வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு ஏழு கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு காப்பிக்கடையில் நெஜாத் வண்டியை நிறுத்தினான். காற்று பனியை வாரி ரோட்டின் குறுக்கே வீசிக்கொண்டிருந்தது. ஒரு டீ குடித்தான், இன்னொன்றும் குடித்தான். பார்சல் விவரம் பதிகிற கைக்கருவியில் "ரோடு அடைப்பு" என்று போட்டால் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், மேலாளர் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். "அழைத்தோம், வீட்டில் ஆள் இல்லை" என்பதற்கு ஒரு தட்டு போதும். தட்டினான். வியாழக்கிழமையும் அதே கடை, அதே தட்டு. இரண்டு தடவையும் அந்தச் செய்தி சாபித்தின் போனுக்கும் போயிருக்கிறது. இரண்டு தடவை ஆள் இல்லையென்றால் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை அதில் முத்திரை குத்தி பெல்கிரேடுக்கு அனுப்பியவன் நான்தான்.

அடுத்த வாரம் வானம் வெளுத்தது. ராஸ்டோலில் வேறொரு வீட்டுக்கு மாவு அரைக்கும் மிஷின் வந்திருந்தது. நெஜாத் போனான். திருப்பத்திலிருந்து ஊர்வரை வேன் அகலத்துக்கு ரோட்டில் பனியை வழித்திருந்தார்கள். இருபுறமும் பனி நேர்கோடாக வெட்டப்பட்டு, தோளுயரத்துக்கு நின்றது.

"யார் வழிச்சது?" என்று மிஷின் வாங்கின அம்மாளிடம் கேட்டான்.

"நம்ம சாபித்துதான். முப்பது வருஷம் அரசாங்கத்துல பனித்தள்ளு வண்டி ஓட்டுனவராச்சே. போன வாரம் பார்சல் வருதுன்னு டிராக்டர எடுத்துக்கிட்டு ரெண்டு நாளும் விடியறதுக்குள்ள கிளம்பிட்டாரு. பார்சல் கொண்டாந்தவன் கண்ணுலதான் அவரு படல, பாவம்."

வேனைப் பார்த்துவிட்டு சாபித்தே வந்துவிட்டார். காது சுத்தமாகக் கேட்காது. கேட்காதவர்கள் பேசுவதுபோல் ஊருக்கே கேட்கப் பேசினார்.

"நீதானா தம்பி அன்னிக்கு வந்தது? மன்னிச்சுக்கப்பா, ரெண்டு நாள் அலைய வெச்சுட்டேன்! பார்சல்ல இருந்தது காது மிஷின். புதன்கிழமை ஆட்டுக்குத் தீனி போடப் போயிருந்தேன், அப்ப வந்திருப்ப. மறுநாள் ஆட்டப் பட்டினி போட்டுட்டு ஜன்னல விட்டு நகரல. உக்காந்தபடியே தூங்கியிருப்பேன்னு பொண்ணு சொல்றா. தூங்கலன்னுதான் எனக்கு நினைப்பு. என்ன பண்ண, வயசாகுதில்ல!"

நெஜாத் தலையை ஆட்டினான். வீட்டுக்குள் இழுத்துப் போய்க் காப்பி கொடுத்தார். சுவரோரம் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. மகள் செனாதா க்ராலியெவோ நகரத்திலிருந்து வந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாசல்ல ஆள் வந்து நின்னாக்கூடத் தெரியல. இவர எப்படித் தனியா விடுறது? ஆட்ட எல்லாம் வித்துட்டு என்கூடக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு ஆள் வராரு ஆடு பாக்க." அவன் குனிந்தபடி காப்பியைக் குடித்து முடித்தான். கிளம்பும்போது சாபித் ஒரு கட்டிப் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றிக் கையில் திணித்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் கிடங்கில் அந்தக் கட்டியை என் மேஜையில் வைத்தான். "நீ தின்னு. எனக்கு இறங்காது" என்றவன், எல்லாவற்றையும் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாய மூடிக்கிட்டு இரு, வேலை போயிடும்." அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசுகிறது.

மறுநாள் அவன் லீவு போட்டுவிட்டு, சொந்தக் காரில் ராஸ்டோல் போனான். ஆடு வாங்க வந்தவர் உட்கார்ந்திருந்தார். நெஜாத் உட்காரவில்லை. "அக்கா, நான் அன்னிக்கு வரவே இல்ல. ரெண்டு நாளும் வரல. காப்பிக்கடையில உக்காந்துக்கிட்டு, ஆள் இல்லன்னு போட்டுட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த செனாதாவின் கை அப்படியே நின்றது. "என்ன சொல்ற நீ?"

"பயமா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் அவரப் பாத்துக் கத்துனேன் தெரியுமா, இந்த வீட்டுல நின்னு?"

சாபித் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்? என்ன சொல்றான்?"

அவள் அவர் காதோடு வாய் வைத்துக் கத்தினாள். "இவன் வரவே இல்லையாம்ப்பா!"

"யாரு?"

"இவன்தான்! பொய் சொல்லிட்டானாம்! ஊர்ப்பக்கமே வரலியாம்!"

தான் செய்ததை அந்த அறையில் இரண்டு தரம் உரக்கக் கேட்டுக்கொண்டு நெஜாத் நின்றான். ஆடு வாங்க வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாபித்துக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவர் நெஜாத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளிடம்தான் கேட்டார், முதல் தடவையாக மெதுவான குரலில்.

"நான் தூங்கலன்னு சொன்னேன்ல?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஆடுகளை விற்கவில்லை. செனாதா இரண்டு நாளில் தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினாள். நெஜாத் மேலாளரிடம் தானே போய்ச் சொன்னான். மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் இல்லாத அந்த மூன்று வாரமும் பெஷ்டர் பக்கம் பாதிப் பார்சல் போகவில்லை.

பிப்ரவரியில் காது மிஷின் மறுபடி வந்தது. வேறு யாராவது கொண்டுபோகட்டும் என்றேன். கேட்கவில்லை. சாபித் வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாராம். உள்ளே கூப்பிடவில்லை.

"பெரியப்பா, என்ன வேணாலும் திட்டுங்க" என்றிருக்கிறான் இவன்.

"காது கேக்காது" என்று கதவைச் சாத்தினாராம்.

இப்போதும் அந்தப் பாதை அவனுடையதுதான். போக முடியாத நாளில் கிடங்கிலிருந்தே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுகிறான். "இன்னிக்கு வரலீங்க. பயமா இருக்கு." சிலர் சிரிக்கிறார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். காதெல்லாம் சிவக்க முழுதும் கேட்டுவிட்டுத்தான் போனை வைக்கிறான். நாங்கள் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம்.