பக்க எண் போடத் தெரியாதவன்

லிப்ரே ஆபீஸ்ல டைப் பண்ணி பக்க எண் போட எனக்கு நல்லாவே தெரியும். ஆனாலும் தெரியாதவன் மாதிரி அதோட ஆன்லைன் தமிழ்க் குழுவுல போய்க் கேட்டேன். சாஃப்ட்வேரும் இலவசம், பதிலும் இலவசம்.

பேரப்புள்ளையப் பாத்துக்க பொண்டாட்டி பெங்களூரு போனதுலேருந்து கடலூர் வீட்ல என்கூட பேசுறது குக்கர் மட்டும்தான். அதுவும் மூணு விசிலோட நிறுத்திக்கும்.

குழுவுல சிதம்பரத்துக்காரர் ஒருத்தர்தான் எப்பவும் பதில் போடுவார். "மொதல்ல இன்சர்ட் மெனுவத் திறங்க சார்"னு ஒரு வரி. நான் "திறந்துட்டேன்"னு போட்டாதான் அடுத்த வரி. சாயங்காலம் அப்படியே ஓடிடும்.

ஒருநாள், எண் ஒழுங்கா விழுந்திருந்த பக்கத்தையே படம் எடுத்து "எண் வரலை சார்"னு அனுப்பித் தொலைச்சேன்.

"படத்துல இருக்கே சார்?"

பேச இருந்த ஒரே ஆளும் போச்சுன்னு நெனச்சேன். "எனக்குத் தெரியும் சார். வீட்ல யாரும் இல்ல, அதான்"னு எழுதிட்டேன்.

பதில் வந்துச்சு. "நானும் மொத்தத்தையும் ஒரே தடவையில சொல்லியிருக்கலாம் சார். சொன்னா நீங்க போயிடுவீங்களேன்னுதான் ஒவ்வொரு வரியா அனுப்புனேன். ஞாயித்துக்கிழமை சிதம்பரம் வாங்களேன்."

போனேன். கீழ வீதியில காபி குடிச்சோம். நேர்ல என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. கடைசியில அவரே கேட்டார்.

"பக்க எண் வருதா சார்?"

"வரலை சார்"னேன்.

நாற்காலிய கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டார். "மொதல்ல இன்சர்ட் மெனுவத் திறங்க."