ஆணியில் தொங்கும் டம்ளர்

எங்கள் மோட்டார் ரூமின் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பிடி வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று தொங்குகிறது. வாரம் ஒருமுறை புளி போட்டுத் துலக்கி மறுபடியும் அங்கேயே மாட்டுகிறேன். அதில் யாரும் குடிப்பதில்லை. நான் விடுவதில்லை. சர்க்கரை ஆலையிலிருந்து எங்கள் பகுதிக் கரும்பைப் பார்க்க வந்துகொண்டிருந்த ஆபீசரம்மாவின் டம்ளர் அது.

நாச்சியாபுரத்துப் பக்கம் எங்கள் தோட்டம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்க, வெள்ளாமை முழுக்க என் பாடு. ஆபீசரம்மாவுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். பத்து நாளைக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். நோட்டை எடுப்பதற்கு முன்னால் மோட்டார்க் குழாயடியில் போய் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பார். "ஒங்க கிணத்துத் தண்ணிக்காகவே இங்குட்டு வர்றேன். கரும்பெல்லாம் சும்மா சாக்கு" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. தோட்டத்துக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதும், வந்தவர் அதை ஒரு மடக்காவது குடிப்பதும் எங்கள் பக்கத்தில் மரியாதை. வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி.

தண்ணீரைப் புகழ்ந்துவிட்டு உடனே என் பாய்ச்சலைக் குறை சொல்ல ஆரம்பிப்பார். "ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுங்க. காஞ்ச சோகையைக் கொளுத்தாம சால்ல பரப்புங்க, ஈரம் நிக்கும். யூரியாவை ஒரே நாள்ல கொட்டாதீக, பிரிச்சுப் போடுங்க." நான் சிரிப்பேன். "கரும்புக்குத் தண்ணி காட்ட எனக்கே சொல்லித் தர்றீகளா?" என்பேன். மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரையும் போல நானும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருந்தேன். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், வயல் தானாக நிரம்பும். வரப்புத் தெரியாமல் தண்ணீர் நின்றால்தான் எனக்குத் திருப்தி.

அந்த வருடம் மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஒருநாள் காலையில் மூட்டை மூட்டையாக யூரியாவை வீசிவிட்டு, மகளுக்கு வேண்டியதை வாங்கக் காரைக்குடி செக்காலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் திரும்பி வந்தால் மோட்டார் நின்றிருந்தது, ஆபீசரம்மா சேற்றில் நின்றிருந்தார். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். வயல் நிரம்பி, வாய்க்கால் உடைந்து, யூரியா கரைந்த தண்ணீர் கடைமடையிலிருந்த கிணற்றுக்குள்ளேயே திரும்ப இறங்கியிருந்தது. மோட்டாரை அவர்தான் நிறுத்தியிருக்கிறார். ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த முறை வந்தபோது நான் நீட்டிய டம்ளரை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து கடைத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "எந் தண்ணியக் குடிக்காதவுக எதுக்கு என் வரப்பை மிதிக்கிறீக?" என்று கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "சோதிச்சுப் பார்த்தாச்சு. அன்னைக்கு எறங்குனது மட்டுமில்ல, வருசக்கணக்கா யூரியா மண்ணு வழியா எறங்கியிருக்கு. பொறக்கப்போற பச்சப்புள்ளைக்கு மட்டும் இதக் குடுத்துராதீக" என்றார். காய்ச்சிக் கொடுக்கிறேன் என்றேன். "காய்ச்சுனா தண்ணிதான் வத்தும், அது போகாது" என்றார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பேத்தி பிறந்தாள். மகளுக்குப் பால் போதவில்லை. டின் பால் கலக்கக் காரைக்குடியிலிருந்து கேன் தண்ணீர் ஆட்டோவில் வந்தது. மருமகன் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, தோட்டத்துக்குள்ள கிணத்த வச்சுக்கிட்டுக் கேன் வாங்குறீகளே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஏக்கர் கணக்கில் பாய்ச்சத் தண்ணீர் இருந்தது, என் பேத்திக்கு ஒரு சங்கு தண்ணீர் அதில் இல்லை. அந்த வெட்கம் இன்றுவரை தீரவில்லை.

பிள்ளைக்கு மூன்று மாதமாகி மகள் கிளம்பிப் போனதும் நானே ஆபீசரம்மாவைக் கூப்பிட்டேன். பழசை அவர் பேசவில்லை. முதல் வேலையாக ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்ற வைத்தார். சொட்டுநீர்க் குழாய் வந்தது. யூரியாவைக் கரைத்துக் கரும்பின் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். சோகையைக் கொளுத்துவதை விட்டேன். வரப்புத் தெரிகிற வயலைப் பார்க்க முதல் வருடம் எனக்குப் பயமாகவே இருந்தது. கரும்பு வாடவில்லை. வருகிறபோதெல்லாம் அவர் தன் பாட்டிலிலிருந்தே குடித்தார். எனக்கும் ஒரு வாய் கொடுப்பார். வேலை மாற்றலாகி வடக்கே போகிற அன்று தன் கையாலேயே டம்ளரைக் கழுவி ஆணியில் மாட்டினார். "தண்ணி தேறுனதும் ஒரு போன் போடுங்க. வந்து இதுலயே குடிக்கிறேன்" என்றார்.

கிணறு தேறப் பல வருடமாயிற்று. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை போலக் காத்திருப்பேன். போன வருடம்தான் குடிக்கலாம் என்று தாள் வந்தது. மோட்டார் ரூம் வாசலில் நின்றபடியே போன் போட்டேன். அவருடைய மகன் எடுத்தான். அம்மா தவறி நாற்பது நாளாகிறது என்றான். தாள் என் கையில் இருந்தது. "தண்ணி நல்லாயிருச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன் தம்பி" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அன்றைக்கு அவரைப் பார்த்துக் கத்தியதற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூட நான் சொன்னதில்லை. இந்தத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்றே வைத்திருந்தேன்.

இப்போது வேறொரு ஆபீசர் வருகிறார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. போன வாரம் வெயிலில் வயலைச் சுற்றி வந்தவர், "தாகமா இருக்குக்கா" என்றபடி கதவுக்குப் பின்னால் கையை நீட்டினார். "அத எடுக்காதீக தம்பி. இங்குட்டு வாங்க" என்று குழாயடிக்கு அழைத்துப் போய் மோட்டாரைப் போட்டேன். இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அது யாரு டம்ளருக்கா?" என்று கேட்டார்.

"ஒருத்தவுக குடிக்க வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக" என்றேன்.