வெள்ளைச் செவுள்

துறைமுகத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பழைய பேப்பரைப் பிரிக்கிற குடோனில் எனக்கு வேலை. அங்கே ஒரு கிழிந்த புத்தகத்திலிருந்துதான் அந்தப் படம் கிடைத்தது. எந்தக் காலத்துப் புத்தகமோ, கையால் வண்ணம் தீட்டிய காட்டுக் காளான்கள். ஒன்று குடை விரித்து நிற்கும், இன்னொன்று மல்லாந்து அடிப்பக்கத்து வெள்ளை மடிப்புகளைக் காட்டும். கீழே இருந்ததை மேஸ்திரி படித்துச் சொன்னார்: சாப்பிடக்கூடியவை. கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினேன். இன்றைக்கும் அது அழகான படம்தான், அதுதான் எரிச்சல்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு அதற்கு எதிரில்தான் படுக்கை. பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது.

வெள்ளம் வடிந்ததும் எங்கள் சடையங்குப்பத்து வீட்டுச் சுவரோரம் அதே குடைகள் முளைத்தன. என் மனைவி மீன் விற்பவள். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே காளானைப் புரட்டினாள்.

"செவுளு வெள்ளையா கீதுய்யா. படத்துல கீற மாதிரியேதான் கீது."

செவுள் பார்த்து அவள் சொல்லி ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றை எடுத்துப் படத்தோடு பொருத்திப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. அதை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் வந்தபோது மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

"காளான் கொழம்ப மிச்சம் வெக்காம துன்னுச்சுய்யா" என்றாள் மனைவி சந்தோஷமாக.

அலமாரிக் காளானைப் புரட்டினேன். மடிப்பெல்லாம் பாசிப் பச்சை.

"இன்னாப்பா அப்டி பாக்கற?" என்றாள் மகள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோ நின்றபோது வாந்தி ஆரம்பித்தது. டாக்டரிடம் காட்டுவதற்காக மனைவி படத்தை மார்போடு அணைத்திருந்தாள். ஒரு கையால் மகளின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அலமாரிக் காளானை நான் கையில் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா படத்தை வாங்கிப் படித்தார். "சாப்பிடற காளான்னுதானே போட்டிருக்கு?" அவர் முகம் தெளிந்தது. நான் கையில் இருந்த பச்சைக் காளானை நீட்டினேன். பிறகு அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, நர்ஸுகளை விரட்டினார்.

மகள் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. படத்தில் இருப்பது கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும் ரகமாம். எங்கள் ஊரில் முளைத்தது முற்றினால்தான் பச்சையைக் காட்டுமாம்.

மனைவி மறுபடி வியாபாரத்துக்குப் போகிறாள். செவுளைத் தூக்கிக் காட்டுவதை விட்டுவிட்டாள். நல்ல மீனா என்று யாராவது கேட்டால், "நீயே பாத்துக்கோ" என்கிறாள்.