தியோமான் வெள்ளைப் பூச்சி

போன வாரம் மருமகள் அலமாரியைத் திறந்து பழைய சேலைகளை வெயிலில் போட்டாள். அந்துருண்டை வாசம் வீடெல்லாம் பரவியது. அதோடு என் அன்றைய வேலை கெட்டது. எனக்கு என்ன வேலை, உட்கார்ந்திருப்பதுதான்.

அந்த வாசத்தில் நான் கஞ்சி குடித்த காலம் ஒன்று உண்டு. ரப்பர் விலை விழுந்து, பெம்பான் பக்கம் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டை நிறுத்திவிட்டார்கள். மலாக்கா டவுனில், கடலோரமாக ஒரு வெள்ளைக்காரத் துரை வண்ணத்துப்பூச்சி சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பின்கட்டில் எனக்கும், என்னோடு தோட்டத்தில் பால்வெட்டிய அஞ்சலைக்கும் வேலை கிடைத்தது. காய்ந்த பூச்சியை ஈரமணலில் வைத்து இளக்கி, இறக்கையை விரித்து, ஊசி குத்தி, பெட்டியில் அந்துருண்டை போட்டு மூட வேண்டும். என் கை பட்டால் இறக்கை கிழியும். அதனால் எனக்கு மணல் நனைக்கும் உத்தியோகம்.

துரைக்குப் பிரியமானது ஒரு பெரிய வெள்ளைப் பூச்சி. கறுப்புப் புள்ளி வைத்த மெல்லிய காகிதம் மாதிரி இருக்கும். நம் கரையில், சேற்றுக் காட்டில் பிடித்ததற்கு ஒரு பெட்டி. தியோமான் தீவிலிருந்து வந்ததற்கு வேறு பெட்டி. எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். மாற்றி வைத்தால் புள்ளிகளைக் காட்டி, மலாயில் "இனி லாயின், இத்து லாயின்" என்பார். இது வேறு, அது வேறு.

"நடுவுல கடல் இருந்தா வேறயா ஆயிடுமா லா?" என்று அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவள் இங்கேயே, ரெம்பியாவில் பிறந்தவள். புருஷன் குப்பன் தாய்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவன். வேலையில்லாதவர்களை அங்கேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்றதும் தனக்கும் அவளுக்கும் மகனுக்கும் பெயர் கொடுத்துவிட்டான். ஒரு மத்தியானம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்குக் கெளம்பணும் அஞ்சல."

"நா வரல. எனக்கு அங்க யாரு இருக்கா?"

"இங்க மட்டும் கஞ்சி ஊத்த யாரு இருக்கா? நீ இருந்துக்க. புள்ளய நா கொண்டு போறேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"எங்கூட இருடி, பாத்துக்கலாம்" என்றேன் அவளிடம்.

"புள்ள போயிருமே அக்கா."

பாதி விரித்த இறக்கையை முழுசாக விரித்து, ஊசி குத்தினாள். கையைச் சேலையில் துடைத்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள். எந்த ஊர் என்று பின்னாலேயே ஓடிக் கேட்டேன்.

"அவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

துரையும் பெட்டிகளோடு சீமைக்குப் போய்விட்டார். வீட்டை இடித்தார்கள். கடலையே தூர்த்துக் கடைத்தெரு ஆக்கிவிட்டார்கள். சேற்றுக் காடு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அஞ்சலையைத் தெரிந்தவர் என்று இங்கே என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை. எனக்கும் இப்போது அவள் கைகள்தான் ஞாபகம் வருகின்றன. முகம் வரமாட்டேன் என்கிறது.