ஊர் முகப்பில் தம்பியின் கார்

தம்பி இறந்து ஒரு வருடம் ஆகப்போகும் சமயத்தில், அவன் ஓட்டிய பந்தயக் காரையே கொண்டுவந்து ஊர் முகப்பில், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்துவது என்று ஊரில் முடிவு செய்தார்கள். வீட்டில் கேட்காமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்பாவைக் கேட்டார்கள். அவர் சரி என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள்; அவளை யாரும் கேட்கவில்லை. நான் தென்காசியில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அம்மாவின் போன் வந்தபோது யாருடைய கண்ணுக்கோ லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அந்தக் காரை இங்கன கொண்டாரப் போறாவளாம். நீ வந்து வேண்டாம்னு சொல்லு."

"நீயே சொல்ல வேண்டியதுதானம்மா."

"நான் சொன்னா அழுதுருவேன். அழுதா, பெத்த மனசு அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டு அவாவ வேலையைப் பாப்பாவ. நீ சொல்லு."

எங்கள் ஊர் பழைய குற்றாலத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. வயலும் தென்னையும் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்பா போலீஸில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல வண்டியை எடுப்பார். தம்பி அவரிடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அறுப்பு முடிந்த வயலில் பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவை ஓட்டிப் பழகினான். கோயம்புத்தூருக்கு ஆட்டோமொபைல் படிக்கப் போனவன் ஒரு பந்தயக் குழுவில் டயர் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே யாரோ ஒருநாள் அவனை ஓட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அதன்பிறகு வருடா வருடம் அவன் படம் பேப்பரில் வந்தது. தேசிய சாம்பியன் என்று போட்டார்கள். மலேசியாவிலும் போய் ஜெயித்தான். ஊரில் பொங்கலுக்கு அவன் படம் போட்டு பிளெக்ஸ் வைத்தார்கள்.

அப்பா மட்டும் ஒரு பந்தயத்துக்கும் போகவில்லை. "வண்டின்னா ஒரு எடத்துக்குப் போய்ச் சேரணும். இவன் கெளம்புன எடத்துக்கே திரும்பத் திரும்ப வாரான்" என்பார். தம்பி அதற்குச் சிரிப்பான். ஊருக்கு வந்தால் அம்மாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவான். அவ்வளவு மெதுவாக ஓட்டுவான். "ஏலே, சைக்கிள்காரன்லாம் நம்மளத் தாண்டிப் போறான்லா" என்று அம்மா பின்னால் இருந்து முதுகில் குத்துவாள்.

வெளியூரில், பந்தயத்துக்கு முந்தைய பயிற்சி ஓட்டத்தில், ஒரு வளைவில் கார் தடுப்புச்சுவரில் மோதியது. ஆம்புலன்ஸில் அவனைக் கொண்டுவந்தபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மா அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தாள். நான்கைந்து பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்து எடுக்க முடிந்தது.

அம்மா போன் செய்த மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். விழாக் கமிட்டிக்குப் பக்கத்து வீட்டு உரக்கடை அண்ணாச்சிதான் தலைவர். தம்பியை லோடு ஆட்டோ ஓட்டவிட்டதே அவர்தான். அது அவர் கடை வண்டி. கடையில் என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கித் தந்தார்.

"அண்ணாச்சி, அம்மாவால தாங்க முடியாது. அவ தெனமும் அந்த வழியாத்தான போவணும். ஒரு சிலை வையுங்க, படம் வையுங்க, ஒரு லைப்ரரி கட்டுங்க. காரு மட்டும் வேண்டாம்."

அவர் கண் கலங்கிவிட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"தங்கச்சி, சிலை வச்சா அவன் மாதிரி இருக்காதும்மா. ஊர்ல இருக்க சிலையெல்லாம் பாத்திருக்கேல்லா, எல்லாம் ஒரே மூஞ்சி. இது அவன் தொட்ட காரு. அவன் உக்காந்த காரு. அந்தப் பந்தயக் கம்பெனிக்காரன்கிட்ட எத்தன தடவ பேசி வாங்கியிருக்கோம் தெரியுமா? உங்கப்பாவும் சரின்னுட்டாவ. இனி எப்படிம்மா?"

அவர் என் தம்பியை நேசித்தவர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்பா வீட்டுக்குப் பின்னால் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்று, அம்மாவை நினைத்தாவது வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நான் ஒரு தடவகூட அவன் ஓட்டிப் பாக்கல" என்றார்.

"அதுக்கு?"

"காரையாவது பாத்துக்கிடுதேன்."

மண்வெட்டியால் மடையை மாற்றிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். யாருக்காகப் பேச வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது போல இருந்தது. உள்ளே அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

சாப்பிடும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அது அவன் இறந்த கார்தானா? அப்படியில்லை என்றால் அம்மாவிடம் சொல்லித் தேற்றலாம். தம்பியோடு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் சாவுக்கு வந்திருந்தார். அவருக்குப் போன் செய்தேன்.

அவர் சொன்னார்: "அக்கா, சொல்றதுக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க. பாதி அதுதானுங்க. பின்னாடி இன்ஜின் பக்கம், றெக்கை எல்லாம் அண்ணன் சாம்பியன் ஆன பழைய வண்டியோடது. முன்பக்கம், அண்ணன் உக்கார்ற கூடு, அது மட்டும் அதேதாங்க. சரி பண்ணி பெயிண்ட் அடிச்சிருக்கோம். பாத்தா தெரியாதுங்க."

பின்பாதி வேறாக இருந்து என்ன பயன்? அவன் இருந்தது முன்பாதியில் அல்லவா? இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டால், அது இல்லை, வேறு கார் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கார் வந்து இறங்கி, விழாவுக்கும் நாள் குறித்துவிட்டார்கள். அன்று காலையிலிருந்தே சாரல். பஸ் ஸ்டாப்பில் பந்தல் போட்டு, மேடை கட்டி, கம்பிக் கூண்டுக்குள் காரை நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு நிறம். தரையோடு தரையாக, நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் குளித்து, தம்பி வாங்கித் தந்த சேலையைக் கட்டிக்கொண்டு அவளாகவே புறப்பட்டாள். கூண்டுக்கு முன்னால் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"இதுலதானாட்டி?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைக் பிடித்திருந்தவர் கத்தினார்: "நம்ம மண்ணின் மைந்தன், நம்ம சாம்பியன், கடைசியாக ஓட்டிய அதே கார்! அதே கார்!" எல்லோரும் கை தட்டினார்கள். விசிலடித்தார்கள். வேட்டு போட்டார்கள். நான் சொல்ல வைத்திருந்த பொய் அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்காமல் போனது.

அம்மா கூண்டுக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. குனிந்து, உட்காரும் இடத்துக்குள் முழங்கை வரை கையைவிட்டுத் தடவினாள்.

"இம்புட்டு இடுக்குலயா உக்காந்திருந்தான்? காலை எங்கன நீட்டுவான்?"

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "படுத்த மாதிரி உக்காரணும். காலு ரெண்டும் உள்ள போயிரும், மூக்கு வரைக்கும்" என்றார். எங்கே பார்த்துத் தெரிந்துகொண்டாரோ. தன் கையை நீட்டி, முழங்கால் எங்கே வரும், பாதம் எங்கே வரும் என்று காட்டினார். அம்மா அந்த இடங்களையெல்லாம் வெளியிலிருந்து தொட்டுக்கொண்டே போனாள்.

"நெட்டையன்லா. கஷ்டமா இருந்திருக்கும்."

"பழகிரும்" என்றார் அப்பா.

தம்பி போனபிறகு அவர்கள் இருவரும் அவனைப் பற்றிப் பேசி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அவர்களை விட்டிருக்கலாம். ஆனால் சிறப்பு விருந்தினரின் வண்டி வந்துவிட்டது. "ஆச்சி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, போட்டோ எடுக்கணும்" என்று ஒரு பையன் மரியாதையாகத்தான் சொன்னான். அம்மா தள்ளிக்கொண்டாள். மாலை போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கூண்டைப் பூட்டினார்கள்.

இப்போது பஸ் கண்டக்டர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. "காரு ஸ்டாப் எறங்கு" என்கிறார்கள். அப்பா தினமும் காலையில் அண்ணாச்சியிடம் சாவி வாங்கிப் போய்த் துணியால் காரைத் துடைத்துவிட்டு வருகிறார். அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போய் அடுத்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறாள். தென்காசியில் என்னோடு வந்து இருந்துவிடு என்று கூப்பிட்டேன். வந்தாள். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. "உங்கப்பாவுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாதுட்டி" என்று திரும்பிப் போய்விட்டாள்.

போன குற்றால சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மழையில் வாய்க்கால் கரை முழுக்க வழுக்கிக் கிடந்திருக்கிறது. அதனால் அம்மா கார் நிற்கும் ஸ்டாப்புக்கே வந்து எனக்காகக் காத்திருந்தாள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம், தலையில் ஈரத் துண்டும் கையில் சிப்ஸ் பாக்கெட்டுமாக, கூண்டுக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் தன் போனை அம்மா கையில் கொடுத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று கத்த நினைத்தேன். பஸ் இன்னும் நிற்கவில்லை. முன்னால் இறங்கப் போகிறவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் இறங்கி ஓடியபோது எடுத்து முடித்திருந்தார்கள். "தேங்க்ஸ் பாட்டி" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மா குடையை விரித்து என்மேல் பிடித்தாள்.

"எதுக்கும்மா எடுத்துக் கொடுத்த?"

"கேக்காவல்லா, எப்படி மாட்டேங்கது?" என்றாள். "நல்லா சிரிச்சாவ. அஞ்சு பேரும் உள்ள வந்தாவளா, காரு வந்துதா, ஒண்ணும் தெரியல எனக்கு. கண்ணு மறைச்சிட்டு. எதையோ அமுக்கிட்டுக் கொடுத்துட்டேன்."

மழை வலுத்தது. இருவரும் ஒரே குடையில் வீட்டைப் பார்த்து நடந்தோம்.