சப்மிட் டோரியின் துப்பாக்கியும் கேப்டன் வீட்டுச் சிவலையும்

அவள் பெயர் சப்மிட். ‘அடங்கி நட’ என்று பொருள். பெயர் வைத்த அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆஷ்புரூக்கில் பெண் பிறந்தால் அடக்கம், பொறுமை, நன்றி என்று ஏதாவது குணத்தைத்தான் பெயராக வைப்போம். அப்புறம் அந்தக் குணம் பிள்ளைக்கு வந்து சேருமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். முக்கால்வாசிப் பேருக்கு வந்து சேராது. சப்மிட் டோரிக்கு அது வாசல்வரைகூட வரவில்லை. அதற்காக நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் மட்டும் பெயருக்கேற்ப நடந்திருந்தால் எங்கள் ஊர்ப் பதிவேட்டில் உருப்படியாக ஒரு வரிகூட இருந்திருக்காது.

மலைச்சாலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. ஊரிலிருந்து இரண்டு மைல். புருஷன் ரூபன் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறில் ராஜாவை எதிர்த்துக் கனடாப் பக்கம் படையோடு போனான். குண்டு அவனைத் தொடவில்லை, அம்மை வாரிக்கொண்டு போய்விட்டது. அவன் விட்டுப்போனது கல்லும் முள்ளுமான நிலம், ஒரு மாடு, பதினொரு ஆடு, அப்புறம் அவனுடைய அக்கா டார்க்கஸ். டார்க்கஸுக்கு இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. இடுப்புதான் ஒடிந்ததே தவிர நாக்குக்கு ஒரு சேதமும் இல்லை. பள்ளத்தாக்கில் இருந்த சப்மிட்டின் தம்பி, நிலத்தை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடு, அடுப்படியில் உனக்கொரு மூலை ஒதுக்குகிறேன் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினான். டார்க்கஸைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்படியென்றால் அவளை ஊர் தருமமாகப் போடும் ஊர்ச் சோற்றுக்கு விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம். சப்மிட் அந்த ஆளுக்கு ஆப்பிள் சாறு கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டது ஆட்டு ரோமம். ஆட்டைக் காப்பாற்றியது துப்பாக்கி. அது ரூபனுடையது இல்லை. சப்மிட் கல்யாணமாகி வரும்போது அப்பன் வீட்டிலிருந்து சீதனமாகக் கொண்டுவந்தது. ஆளுயரம் இருக்கும். பழசு. சுட்டால் தோள்பட்டையில் உதை விழும். அவள் அதைக் கணப்புக்கு மேலே இரண்டு கொக்கியில் மாட்டி வைத்திருந்தாள். ஓநாய் வந்தால் எடுப்பாள், சுடுவாள், துடைத்துத் திரும்ப மாட்டுவாள். அந்த மூன்று வருஷத்தில் ஓநாய்கள் அந்தப் பக்கம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டன.

எழுபத்தொன்பது ஜூலையில் எங்கள் ஊர் ஆறு ஆளைப் படைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆள் கிடைத்தது, துப்பாக்கி போதவில்லை. ஊர்ப் படையின் கேப்டன் அசஹேல் நீலண்ட், ஆம்பிளை இல்லாத வீடுகளிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் போட்டார். சப்மிட் வீட்டுக்கு அவர் வந்த நேரம் அவள் வைக்கோல் அறுத்துக்கொண்டிருந்தாள். கேப்டன் நேரே உள்ளே போனார், படுத்திருந்த டார்க்கஸிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று மரியாதையாக விசாரித்தார், கொக்கியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார், போய்விட்டார்.

“தட்டக்கூட இல்லடி. அவங்கப்பன் வீட்டுச் சாமானாட்டம் எடுத்துட்டுப் போறான்” என்று டார்க்கஸ் அன்று சாயங்காலம் முழுக்கப் பொருமினாள்.

போர் நடக்கிறது, போகட்டும் என்றுதான் சப்மிட் இருந்தாள். நவம்பரில் ஆறு பேரும் முழுசாக வீடு திரும்பினார்கள். துப்பாக்கி திரும்பவில்லை. போய்க் கேட்டாள். ஆறு துப்பாக்கியும் கேப்டன் வீட்டுக் கொட்டகையில் வரிசையாகச் சாத்தியிருந்தது. இனிமேல் அவை ஊர்ப் பொது, பொதுக் காப்புக்கு அங்கேயே இருக்கும் என்றார் கேப்டன்.

அந்த மனிதரை அயோக்கியர் என்று நினைத்துவிடாதீர்கள். சரடோகாச் சண்டையில் காலில் குண்டு வாங்கி நொண்டி நொண்டி நடப்பவர், ஒரு பைசா எடுத்தவர் இல்லை. எழுபத்தைந்தில் அபாய மணி அடித்தபோது ஓடிவந்த எங்கள் ஊர் ஆட்களில் மூன்றில் ஒருவன் வெறுங்கை. பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் வைக்கோல் வாரும் கவைக்கம்போடு இவர் அருகிலேயே செத்து விழுந்தான். அதை மறக்க முடியாமல்தான் துப்பாக்கிகளை ஒரே இடத்தில் அடுக்கி, வாரம் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நல்ல மனிதர் தப்பு பண்ணினால் திருத்துவது கஷ்டம், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் பட்டப்பகலில் ஓநாய் வந்தது. சப்மிட் ஒரு சோளக்கூழ்ச் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு பனியில் ஓடினாள். ஓநாய் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. நான்கு ஆடு போயிற்று. இரண்டு சினை ஆடு. இன்னும் ஒரு தடவை இப்படி ஆனால் தம்பி வீட்டு மூலையும் டார்க்கஸுக்கு ஊர்ச் சோறும்தான். வேலி ஓரத்தில் உட்கார்ந்து அவள் அழுதாள் என்று டார்க்கஸ் சொல்லித்தான் தெரியும். சப்மிட் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

அந்த வசந்தத்தில் மாசசூசெட்ஸ் முழுக்க ஒரே பேச்சு, புது அரசமைப்புச் சட்டம். ராஜாவை விரட்டியாயிற்று, இனி நம்மை நாமே எப்படி ஆள்வது என்று பாஸ்டனில் பெரியவர்கள் எழுதி, ஊர் ஊராக அனுப்பி, படித்துப் பார்த்துக் குறை இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் ஊர் எழுத்தர் ஜீனஸ் கோல்பர்னுக்கு நிஜத் தொழில் செருப்புத் தைப்பது. சப்மிட் தன் பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றப் போனபோது அவர் பதினேழாம் பிரிவை வாசித்துக் காட்டினார். பொதுக் காப்புக்காக ஆயுதம் வைத்துக்கொள்ளவும் ஏந்தவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று இருந்தது. சமாதான காலத்தில் நிரந்தரப் படை சுதந்திரத்துக்கு ஆபத்து என்றும் இருந்தது.

“மக்கள்னு போட்டிருக்கே, ஜீனஸண்ணே. அதுல நான் உண்டா?”

ஜீனஸ் ஊசியால் காதைச் சொறிந்தார். “வரி கட்டறதுக்கு உண்டு. ஓட்டுப் போடறதுக்கு இல்ல. துப்பாக்கிக்கு என்னன்னு எழுதினவனத்தான் கேக்கணும்.”

“பொதுக் காப்புக்குன்னு மட்டும் இருந்தா, கேப்டன் கொட்டகையில கிடக்கறதே சரின்னு ஆயிடுமே.”

அவர் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தார். ஆமாம், ஆகிவிடும் என்றார்.

மே கடைசியில் சபைக்கூடத்தில் ஊர்க் கூட்டம். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. சப்மிட் சாராயக்கடைக்குப் பாலாடைக்கட்டி கொடுக்க வந்தவள்போல வாளியோடு வந்து, திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள். பதினேழாம் பிரிவு வந்ததும் ஜீனஸ் எழுந்து, ‘தம் சொந்தக் காப்புக்கும்’ என்று மூன்று வார்த்தை சேர்க்க வேண்டும் என்றார். காரணமும் சொன்னார். ராஜாவின் சிப்பாய்கள் கான்கார்டுக்கு ஏன் வந்தார்கள்? ஆயுதத்தையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைத்திருந்ததால்தானே? பாஸ்டன் சனங்கள் ராஜாவின் தளபதி பேச்சை நம்பித் துப்பாக்கியை ஒப்படைத்தார்களே, ஒன்றாவது திரும்பி வந்ததா? ஒரே கொட்டகையில் இருந்தால் ஒரே காலையில் பறித்துவிடலாம். ஊர் முழுக்கக் கணப்புக்கு மேலே தொங்கினால் எந்த ராஜாவாலும் ஆகாது என்றார். அச்சில் போடவேண்டிய பேச்சு. ஆனால் அடுத்தாற்போல் கேப்டன் எழுந்து கவைக்கம்போடு செத்தவனின் கதையைச் சொன்னார். கூடமே மூக்கை உறிஞ்சியது. பொது என்று இருப்பதே சரி என்று நாலாபக்கமும் தலையாட்டினார்கள். ஓட்டுக்கு முன்னால் தொண்டையை நனைத்துக்கொள்ள இடைவேளை விட்டார்கள்.

சப்மிட் ஜன்னலைவிட்டு விலகினாள். ஜீனஸ் சொன்னதைவிட நன்றாகச் சொல்ல அவளால் முடியாது. முடிந்தாலும் கேட்க ஆளில்லை. சபைக்கூடத்துக்கு முன்னால் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். ஊர் மாடெல்லாம் அங்கேதான் மேயும். கேப்டன் வீட்டுச் சிவப்புப் பசு, சிவலை, மடி கனத்து வேலியோரம் நின்றது. சப்மிட் கையில் இருந்த காலி வாளியைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள்.

ஆண்கள் வெளியே வந்தபோது அவள் சிவலையின் விலாவில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, சுகமாகப் பால் கறந்துகொண்டிருந்தாள். வாளியில் பாதி நுரை. ஒருவர் இருவர் நின்று பார்த்தார்கள். கேப்டன் காலை இழுத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

“என்னம்மா பண்றீங்க? அது எங்க மாடு.”

“உங்க மாடா?” அவள் கறப்பதை நிறுத்தவில்லை. “பொதுவுல மேயுதே. பொது மாடுன்னுல்ல நினைச்சேன்.”

“மேயறதுதான் பொதுவுல. மாடு என்னுது. சாயங்காலமானா எங்க தொழுவத்துக்குத்தான் வரும். ஊருக்கே தெரியுமே.”

சப்மிட் எழுந்தாள். பால் வாளியைத் தூக்கி அவர் காலடியில் வைத்தாள்.

“இதத்தான் கேப்டன், ஆறு மாசமா என் துப்பாக்கிக்கு நான் சொல்லிட்டிருக்கேன். ஊருக்கு ஆபத்துன்னா அது பொதுவுக்குப் போகட்டும், வேணாங்கல. சாயங்காலம் வீட்டுக்கு வரணுமா வேணாமா? நீங்க சொன்னா ஞாயம், நான் சொன்னா வாயாடித்தனமா? நாலு ஆட்ட ஓநாய் தின்னுச்சு. சட்டியத் தட்டிக்கிட்டு நான் பாத்துட்டு நின்னேன்.”

முதலில் சிரித்த இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டார்கள். கேப்டன் வாளியைப் பார்த்தார். முகம் அவர் மாட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கு அவர் ஆப்பிள் மது குடிக்கப் போகவில்லை. நேரே உள்ளே போய் உட்கார்ந்தார்.

கூட்டம் மறுபடி கூடியதும் முதலில் எழுந்தது அவர்தான். காலையில் தான் பேசியதில் பாதிதான் சரி என்றார். ஆபத்துக்கு எல்லோரும் ஆயுதத்தோடு வர வேண்டும் என்பது சரி. ஆனால் வீட்டில் ஆயுதம் இல்லாதவன் எதை எடுத்துக்கொண்டு வருவான், தன் வீட்டைக் காக்க முடியாதவன் ஊரை எப்படிக் காப்பான் என்று கேட்டார். எழுத்தர் சொன்ன வார்த்தைகளைச் சேர்க்கும்படி தானே முன்மொழிவதாகச் சொன்னார். அப்படியொன்றை ஒரு கேப்டன் எல்லோர் முன்னாலும் சொல்வதற்கு, சரடோகாவுக்குப் போனதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். நாற்பத்தொரு கைகள் ஆதரவாக உயர்ந்தன, ஐந்து கைகள் எதிர்த்தன. ‘தம் சொந்தக் காப்புக்கும் பொதுக் காப்புக்கும்’ என்று ஜீனஸ் பதிவேட்டில் எழுதி, மை காய மணல் தூவினார். சப்மிட் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

அன்று மாலையே கேப்டன் துப்பாக்கியை அவளிடம் கொடுத்தார். பாலை அவர் வீட்டில் குடித்தார்களா ஊற்றினார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டு மைலும் அவள் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தாள். கொக்கியில் அதைப் பார்த்ததும் டார்க்கஸ், “வந்துட்டியா ராசா” என்றாள். மனிதர்கள் யாரையும் அவள் அப்படி அழைத்ததில்லை.

பாஸ்டனில் என்ன செய்தார்கள் தெரியுமா? எங்கள் மூன்று வார்த்தையை எடுத்துக்கொள்ளவே இல்லை. சட்டம் எழுதியபடியே நிறைவேறி, இலையுதிர்காலத்தில் அச்சாகி வந்தது. ஜீனஸ் மூன்று தடவை தேடிப் பார்த்துவிட்டு, சப்மிட்டிடம் சொல்லும்போது தானே திருடியவர்போலத் தலை குனிந்துகொண்டார்.

அக்டோபரில் வடக்கே, ஆற்றின் மேல்புறத்தில் எதிரிகள் ஊரைக் கொளுத்துகிறார்கள் என்று குதிரையில் செய்தி வந்தது. அன்று சப்மிட் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் நிலையில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது.

“யாருடி அது, தட்டறது?” என்றாள் டார்க்கஸ் படுக்கையிலிருந்து.

கேப்டன் நீலண்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கு வெளியிலேயே நின்றார்.

“வடக்க ஊரு எரியுதும்மா. ஆளு இருக்கு, ஒரு துப்பாக்கி குறையுது. இல்லேன்னு சொன்னாலும் தப்பா எடுத்துக்க மாட்டேன். கேக்கத்தான் வந்தேன்.” அப்புறம், “அச்சடிச்சு வந்ததப் பாத்தேன். நாம எழுதினது அதுல இல்ல” என்றார்.

சப்மிட் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கணப்பின் பக்கம் போனாள். துப்பாக்கியை இறக்கினாள். வெடிமருந்துக் கொம்பையும் ஈயக் குண்டுப் பையையும் சேர்த்து எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“அச்சுல இல்லாட்டிப் போகுது, கேப்டன். நீங்க கதவத் தட்டினீங்கல்ல.”

பதினோராம் நாள், மாடுகள் வீடு திரும்பும் நேரத்துக்கு, அவர் நொண்டிக்கொண்டே மலைச்சாலை ஏறி வந்தார். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். அன்றைக்கும் தட்டிவிட்டுத்தான் நின்றார்.